14ஆவது சீக்கியர், 1/11 சீக், 1 சீக், 4 மெக்: நான்கும் ஒரே பட்டாலியனா?

கேள்வி இதுதான்: 1915இல் துருக்கியின் காலிப்போலியில் அழிந்துபோனதாகச் சொல்லப்படும் 14ஆவது சீக்கியர் படையும், 1947இல் ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய 1 சீக் பட்டாலியனும், இப்போது கவச வண்டிகளில் போகும் 4 மெக் பட்டாலியனும் ஒன்றா? ஒன்று என்றால் இடையில் எந்தப் போர்களில் என்ன செய்தது?

ஒன்றுதான். ஆனால் ‘அழிந்துபோனது’ என்பது பாதி உண்மை. அந்தப் பாதியைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 1846 பிப்ரவரியில் சோப்ராவோனில் சீக்கியப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலேயர்கள் அதே சீக்கியர்களைக் கொண்டு பெரோஸ்பூரில் ஒரு படையைத் திரட்டினார்கள். ஆறு மாதத்துக்கு முன் எதிரில் நின்று சுட்டவர்கள் இப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் சேர்ந்தார்கள். பெயர் பெரோஸ்பூர் ரெஜிமென்ட். கூடவே லூதியானாவில் இன்னொன்று திரட்டப்பட்டது. பெரோஸ்பூர் படைக்குப் பின்னால் 14 என்ற எண் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 14ஆவது பெரோஸ்பூர் சீக்கியர். 1922இல் இந்தியப் படை முழுவதையும் கலைத்து அடுக்கியபோது பழைய தனித்தனி ரெஜிமென்ட்களை ஐந்தாறாகச் சேர்த்துப் பெரிய ரெஜிமென்ட்களாக்கினார்கள். 14ஆவது சீக்கியர், 11ஆவது சீக் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் ஆனது. எழுதும்போது 1/11 சீக். பிற்பாடு 11 போய்விட்டது, 1 சீக் மிஞ்சியது. இயந்திரக் காலாட்படை ரெஜிமென்ட் 1979இல் உருவானபோது அதில் நான்காவதாகச் சேர்க்கப்பட்டு 4 மெக் ஆயிற்று.

இந்த ‘4’தான் ஆளைக் கவிழ்ப்பது. 1897இல் சாரகடியில் 21 பேர் கடைசிவரை நின்று மடிந்தார்களே, அது 36ஆவது சீக்கியர். அதன் இன்றைய பெயர் 4 சீக். 1965இல் பர்கியைப் பிடித்ததும் அவர்களே. 4 சீக் வேறு, 4 மெக் வேறு. இணையத்தில் சுற்றும் பாதி வீரக்கதைகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியிருப்பார்கள். தமிழ் வாசகருக்காக இன்னொரு செய்தி: அதே இயந்திரக் காலாட்படையின் முதல் பட்டாலியன், அதாவது 1 மெக், நம் பழைய 1 மெட்ராஸ்தான். அதன் வரலாறு 1776இல் கர்நாடகக் காலாட்படையில் தொடங்குகிறது. அது தனிக் கட்டுரைக்குரிய சங்கதி.

இனிப் போர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடம் கொடுக்கப் போவதில்லை.

1857இல் அலகாபாத் கோட்டைக்குள் இந்தப் படை இருந்தது. வெளியே 6ஆவது நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்ற இந்தியச் சிப்பாய்ப் படை கிளர்ந்தெழுந்துவிட்டது. கோட்டை வாசல் காவலிலும் அதே படையின் சிப்பாய்கள். சாதாரணப் படைவீரனாகச் சேர்ந்து அதிகாரியான பிரேசியர் என்பவர் சீக்கியர்களை வைத்து அந்த வாசல் காவலின் ஆயுதங்களைப் பறித்தார். கோட்டை ஆங்கிலேயர் கையில் தங்கியது. பிறகு லக்னோ வரை போனார்கள். ‘பிரேசியரின் சீக்கியர்கள்’ என்ற பெயர் அப்போது வந்தது. பட்டாலியனின் வரலாற்றில் இது பெருமைக்குரிய பக்கமாக இருக்கிறது. 1857ஐச் சுதந்திரப் போர் என்று படித்த நமக்கு அந்தப் பெருமையில் அப்படியே பங்குகொள்ள முடியாது. இந்தச் சங்கடம் 1945இல் ஐராவதி ஆற்றங்கரையில் திரும்ப வரும். அங்கே பேசுவோம்.

1878இல் கைபர் கணவாயின் அலி மஸ்ஜித், 1900இல் சீனா. இவற்றைத் தாண்டிவிடலாம். 1895இன் சித்ரால் முற்றுகையிடம் மட்டும் சற்று நிற்க வேண்டும். இந்துகுஷ் மலைக்குள் ஒரு சிறு கோட்டை. உள்ளே ஏறத்தாழ நூறு 14ஆவது சீக்கியர்களும் முந்நூறு காஷ்மீர் சமஸ்தானப் படையினரும். மார்ச் 3 முதல் ஏப்ரல் 20 வரை முற்றுகை. எதிரிகள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோட்டைச் சுவரின் அடியில் வெடி வைக்கச் சுரங்கம் தோண்டினார்கள். ஏப்ரல் 17 அன்று ஹார்லி என்ற லெப்டினன்ட் நாற்பது சீக்கியர்களோடும் அறுபது காஷ்மீரிகளோடும் கோட்டைக்கு வெளியே பாய்ந்து அந்தச் சுரங்கத்தையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுத் திரும்பினார். கோட்டை தப்ப அது முக்கியக் காரணம். கோட்டைக் காவலுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் டவுன்ஷெண்ட் பின்னாளில் மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) குட் நகரில் துருக்கியரிடம் சரணடைந்த அதே டவுன்ஷெண்ட்தான். ஒரு முற்றுகையில் தப்பியவர் இன்னொன்றில் தப்பவில்லை.

காலிப்போலிக்கு வருவோம்.

1914 இறுதியில் சூயஸ் கால்வாய்க் காவலுக்குப் போனார்கள். 1915 மே முதல் நாள் 29ஆவது இந்தியப் பிரிகேடின் பகுதியாகக் காலிப்போலித் தீபகற்பத்தின் தென்முனையான ஹெல்லஸில் இறங்கினார்கள். பிரிகேடில் முதலில் இரண்டு பஞ்சாபி பட்டாலியன்களும் இருந்தன. அவற்றில் முஸ்லிம் கம்பெனிகள் உண்டு. முஸ்லிம்களின் கலீபாவான துருக்கி சுல்தானின் படைக்கு எதிராக முஸ்லிம் சிப்பாய்களை நிறுத்துவது ஆபத்து என்று மேலிடம் பயந்தது. இரண்டையும் பிரான்சுக்கு மாற்றிவிட்டு கூர்க்காக்களை வரவழைத்தார்கள். 14ஆவது சீக்கியர் முழுக்கச் சீக்கியர்களே நிறைந்த படை. அதனால் இந்தச் சிக்கல் அவர்களுக்கு இல்லை. அதே காரணத்தால் வேறொரு சிக்கல் இருந்தது. அது ஜூன் 4 அன்று தெரிந்தது.

அன்று மூன்றாவது கிரித்தியாப் போர். நண்பகல் 12 மணிக்குத் தாக்குதல். சீக்கியர்களுக்குக் கிடைத்த பகுதி கல்லி ரவைன் என்று ஆங்கிலேயர்கள் பெயரிட்ட ஆழமான ஓடைப் பள்ளமும் அதன் இரு கரைகளும். தாக்குதலுக்கு முன் பீரங்கிகள் முழங்கின. ஆனால் பள்ளத்தின் அடியில் கட்டியிருந்த முள்கம்பி வேலி அறுபடவில்லை. மேலே இரு சரிவுகளிலும் துருக்கியரின் இயந்திரத் துப்பாக்கிகள். பள்ளத்தின் வழியே போன கம்பெனிகள் அந்த வேலியின் முன்னால் மாட்டிக்கொண்டன. கரைகளில் போனவர்கள் கொஞ்சம் முன்னேறினார்கள், பக்கத்துப் படைகள் பின்தங்கியதால் தனித்து நின்றார்கள். ஐந்நூறுக்கு மேல் போனவர்களில் முக்கால் பங்கினர் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். ஆங்கிலேய அதிகாரிகளில் மிஞ்சியவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். பிடித்த இடத்தில் ஓர் அங்குலமும் விடவில்லை, ஒருவரும் தனியாகப் பின்னால் ஓடிவரவில்லை என்று தளபதி ஹாமில்டன் பிறகு கடிதத்தில் எழுதினார். அந்தப் பாராட்டு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அறுபடாத வேலியை நோக்கி அவர்கள் அனுப்பப்பட்டதும் அதே ஹாமில்டனின் தலைமையில்தான் என்பதை மேற்கோள் காட்டுகிறவர்கள் சொல்வதில்லை.

சரி, ‘அழிந்தது’ என்று சொன்னது இதைத்தான். அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். அன்றைய இந்தியப் படைக்கு உருப்படியான ரிசர்வ் ஏற்பாடு கிடையாது. பல சமூகத்தார் கலந்த படையென்றால் எங்கிருந்தாவது ஆள் தேற்றலாம். முழுச் சீக்கியப் படையில் விழுந்த ஓட்டையைச் சீக்கியர்களைக் கொண்டுதான் அடைக்க முடியும். பட்டியாலா மகாராஜாவின் சமஸ்தானப் படை அப்போது எகிப்தில் இருந்தது. அதிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பர்மா இராணுவப் போலீஸில் இருந்த சீக்கியர்கள் வந்தார்கள். யாரோ ஒரு ராஜாவின் படையாளும் எங்கோ பர்மாவில் காவல் பார்த்தவரும் 14ஆவது சீக்கியரின் முத்திரையை அணிந்துகொண்டு, ஆகஸ்டில் சரி பாயர் மலைத்தொடர் மீதான தாக்குதலில் ஏறினார்கள். அங்கும் இழப்பு. டிசம்பரில் தீபகற்பத்தை விட்டு வெளியேறியபோது மே மாதம் இறங்கியவர்களில் அந்த வரிசையில் எத்தனை பேர் மிச்சம் என்று நினைத்துப் பாருங்கள். பட்டாலியன் அழியவில்லை. அதிலிருந்த ஆட்கள் மாறிவிட்டார்கள்.

ஒருவரையொருவர் அறியாத ஆட்களின் ஒரு கும்பலை ஏழெட்டு வாரத்தில் மறுபடி பட்டாலியன் ஆக்குவது யார்? என் கணிப்பில், உயிர் தப்பிய சில ஹவில்தார்களும் நாயக்குகளும்தான், அதாவது சிப்பாய்க்கு மேலே, அதிகாரிக்குக் கீழே இருப்பவர்கள். பீரங்கிச் சத்தத்தில் எப்போது படுக்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று புதியவனுக்குக் காதோடு சொல்கிறவர்கள் அவர்கள். இதைப் பத்திரங்களில் நிரூபிப்பது கடினம். ஆனால் இதே பட்டாலியனின் பிற்காலக் கதையில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால்தான் மெசபடோமியாவையும் இடையில் வந்த எல்லைப்புறச் சண்டைகளையும் விட்டுவிட்டு நேரே 1944 மார்ச்சுக்குப் போகிறேன்.

பர்மாவின் அரக்கான் முனை. மவுங்டாவ்–புத்திடாங் சாலை. மார்ச் 11 இரவு நாற்பது ஜப்பானியர்கள் எந்திரத் துப்பாக்கிகளோடு ஊடுருவி வந்து, சாலையைக் கீழே பார்க்கும் கத்திமுனை போன்ற ஒரு குன்றின் மேல் பதுங்குகுழி தோண்டி அமர்ந்துவிட்டார்கள். அதை மீட்கப் போன 1/11 சீக்கின் பிளட்டூனில் முன்னணி செக்‌ஷனுக்குத் தலைவர் நாயக் நந்த் சிங். ஒற்றையடிப் பாதை, இருபக்கமும் செங்குத்துச் சரிவு. தொடையில் குண்டு பட்டது. அதோடு தனியே பாய்ந்து முதல் பதுங்குகுழியைத் துப்பாக்கிக் கத்தியால் பிடித்தார். கையெறி குண்டின் சிதறல் முகத்திலும் தோளிலும் பட்டது. தவழ்ந்துபோய் இரண்டாவதைப் பிடித்தார். மூன்றாவதையும் பிடித்தார். மேலே இருந்த நாற்பது பேரில் 37 பேர் மாண்டதாக விருதுக் குறிப்பு சொல்கிறது. விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

அதே ஆண்டு, அதே முனையில் அதே பட்டாலியனைச் சேர்ந்த கரம் சிங் என்ற சிப்பாய் மிலிட்டரி மெடல் பெறும்படி ஒரு காரியம் செய்தார். அப்போது அவரை யாருக்கும் தெரியாது. பட்டாலியனில் 1936இலேயே சேர்ந்த ஜோகிந்தர் சிங்கும் பர்மாவில் இருந்தார். அவரையும் யாருக்கும் தெரியாது. இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1945 பிப்ரவரி 14. பர்மாவின் ஐராவதி ஆற்றை 7ஆவது இந்திய டிவிஷன் கடக்க வேண்டும். முதன்மையான கடப்பு நியாவுங்கூவில். அங்கே முதலில் இறங்கிய ஆங்கிலேய பட்டாலியனின் படகுகள் நடு ஆற்றில் அடிபட்டன. கொஞ்சம் கீழே பழைய கோயில் நகரமான பகானில் கடக்கும் வேலை 1/11 சீக்கிற்கு. அவர்களுடைய படகுகளையும் நீரோட்டம் இழுத்தது, எதிர்க்கரையிலிருந்து சுட்டார்கள், திரும்பி வந்தார்கள். அப்புறம் எதிர்க்கரையிலிருந்து வெள்ளைக் கொடியோடு ஒரு படகு வந்தது. ஜப்பானியர்கள் ஆற்றோரமாக மேலே போய்விட்டார்கள், இங்கே நாங்கள் மட்டும்தான், சரணடைய விரும்புகிறோம் என்றார்கள் வந்தவர்கள். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தினர். கர்னல் குர்பக்‌ஷ் சிங் தில்லானின் படை அந்தக் கரைக்குப் பொறுப்பு. தில்லானும் சீக்கியர். சில மாதம் கழித்துச் செங்கோட்டை விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் நின்ற மூவரில் ஒருவர்.

நமக்கு இது வெறும் பஞ்சாபியர் கதை இல்லை. இ.தே.இராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நம் வீடுகளில் ஐ.என்.ஏ. தாத்தாக்களின் படத்துக்கு மாலை போடுகிறோம். அந்தத் தாத்தாக்களைச் சிறைபிடித்த பட்டாலியனும் இந்தியச் சிப்பாய்கள் நிறைந்ததுதான். இரண்டாண்டு கழித்துச் சுதந்திர இந்தியாவுக்காக முதலில் களமிறங்கியதும் அதே பட்டாலியன். இதில் யார் தேசபக்தர், யார் கூலிப்படை என்று தீர்ப்பு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கும். அந்தக் கரையில் இருந்தவனுக்கும் இந்தக் கரையில் இருந்தவனுக்கும் ஊர் ஒன்று, மொழி ஒன்று. எந்தப் பட்டாலியனில் சேர்ந்தான், அந்தப் பட்டாலியன் 1942இல் சிங்கப்பூரில் இருந்ததா, இந்தியாவில் இருந்ததா என்பதே பலருடைய தலையெழுத்தைத் தீர்மானித்தது.

1947 அக்டோபர். பிரிவினைக் கலவரத்தை அடக்கவும் அகதிகளைக் காக்கவும் 1 சீக் குர்காவ்ன் பக்கம் சிதறிக் கிடந்தது. 22ஆம் தேதி பாகிஸ்தான் பக்கமிருந்து பழங்குடிப் படை முசாபராபாத் வழியாகக் காஷ்மீருக்குள் புகுந்தது. 24ஆம் தேதி மகூரா மின்நிலையம் விழுந்து ஸ்ரீநகர் இருண்டது. 26ஆம் தேதி காஷ்மீரை இந்தியாவோடு இணைக்கும் பத்திரம் கையெழுத்தானது. 27ஆம் தேதி விடியும்போது விமானத்தில் ஏற வேண்டும் என்று கட்டளை. யுத்தத்துக்குத் தயாராக இருந்த பட்டாலியன் இது இல்லை. டெல்லிக்குப் பக்கத்தில் கைக்கு எட்டிய பட்டாலியன். தளபதி லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய். விமானப்படையின் டகோட்டாக்களும் தனியார் விமானக் கம்பெனிகளின் டகோட்டாக்களும் சேர்ந்து ஆட்களை ஏற்றின. ஸ்ரீநகர் ஓடுதளம் எதிரி கையில் இருந்தால் இறங்காமல் ஜம்முவுக்குப் போய்விடு என்பது ராய்க்குக் கொடுத்த அறிவுரை. காலையில் இறங்கினார்கள். ஓடுதளம் காலியாகத்தான் இருந்தது. முதல் நாள் கையில் இருந்தது முந்நூறு பேர் அளவில்.

இந்த இடத்தில் ராய் எடுத்த முடிவைப் பற்றி விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓடுதளத்தைச் சுற்றி அரண் அமைத்துக்கொண்டு மற்றவர்கள் வரும்வரை காத்திருக்கலாம். அது பாதுகாப்பான வழி. அவர் இருந்த கொஞ்சம் பேரில் ஒரு பகுதியை அழைத்துக்கொண்டு பாராமுல்லாவை நோக்கி ஐம்பது கிலோமீட்டர் போனார். அவசரப்பட்டார் என்பார்கள் சிலர். நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். முசாபராபாத்திலிருந்து வரும் சாலை ஜீலம் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கு வழியே வருகிறது. பாராமுல்லா அந்தக் குடுவையின் கழுத்து. அதைத் தாண்டிவிட்டால் சமவெளி. ஆயிரக்கணக்கானவர்கள் சமவெளியில் பரவிவிட்டால் முந்நூறு பேரால் ஓடுதளத்தைக்கூடக் காக்க முடியாது. கழுத்திலேயே அடைத்தால்தான் உண்டு. கணக்கு சரி. ஆனால் அவர் போய்ச் சேர்ந்தபோது பாராமுல்லா ஏற்கெனவே விழுந்துவிட்டது. எதிரிகள் அவர் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. பின்வாங்கும்போது, இறங்கி இரண்டு நாள் முடிவதற்குள், ராய் கொல்லப்பட்டார். மகா வீர் சக்ரா அவருக்குப் பிறகு வந்தது. அவருடைய ஆட்கள் பட்டன் அருகே நின்றுகொண்டார்கள். அந்த மோதலால் எதிரி தயங்கிய நாட்களில் டகோட்டாக்கள் மேலும் மேலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. கழுத்தை அடைக்க ராயால் முடியவில்லை. நாட்களைச் சம்பாதித்துக் கொடுத்தார். நான் அவர் பக்கம்தான்.

நவம்பர் 3 அன்று பட்காமில் 4 குமாவுன் மேஜர் சோம்நாத் சர்மாவை இழந்தது. 7ஆம் தேதி ஷாலாடெங்கில் 161ஆவது பிரிகேடு திருப்பி அடித்தது. 1 சீக் முன்னால் நின்று எதிரியைப் பிடித்து வைத்துக்கொள்ள, 1 குமாவுன் பக்கவாட்டில் பாய, கவச வண்டிகள் பின்புறம் வந்து சேர, சில மணி நேரத்தில் எதிரிப் படை சிதறியது. மறுநாள் பாராமுல்லா, அடுத்த வாரம் உரி.

உரியில்தான் பெரிய அடி. டிசம்பர் 12 அன்று பட்கிரான் என்ற மலைக் கிராமத்தின் பக்கம் போன 1 சீக் மறைவான பதுங்குகுழிகளின் நடுவில் மாட்டிக்கொண்டது. சிக்கிக்கொண்டவர்களை மீட்க ஒரு பிளட்டூன் கத்தி சொருகிய துப்பாக்கிகளோடு மேலேறியது. அதன் தலைவர் ஜமேதார் நந்த் சிங். ஆம், அரக்கான் குன்றில் மூன்று குழிகளைப் பிடித்த அதே நந்த் சிங். காலில் காயம்பட்டும் மேலேறி, பதுங்குகுழியின் மேலேயே எந்திரத் துப்பாக்கியின் வீச்சில் விழுந்தார். வழி திறந்தது. உடல் திரும்பக் கிடைக்கவே இல்லை. விக்டோரியா கிராஸும் மகா வீர் சக்ராவும் சேர்த்துப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அந்த ஒரு நாளின் இழப்பு பட்டாலியனை உலுக்கிவிட்டது. பிரிகேடின் துணைத் தளபதியாக இருந்த கர்னல் ஹர்பக்‌ஷ் சிங் உரிக்கு விரைந்தார், தானாகவே ஒரு பதவி இறங்கி 1 சீக்கின் தலைமையை ஏற்றார். அவர் 5/11 சீக்கில் இருந்தவர், ஜப்பானியரிடம் போர்க்கைதியாகக் கிடந்தவர். பட்டாலியனை ஸ்ரீநகருக்குக் கொண்டுபோய் ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து நிமிர்த்தத் தொடங்கினார். முடிவதற்குள் ஹந்த்வாரா பக்கம் எதிரி புகுந்துவிட்டான் என்று செய்தி. அரைகுறையாகத் தேறிய பட்டாலியனோடு பனியில் போய் விரட்டினார். தளபதி நட்சத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்ததைச் சிப்பாய்கள் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்? 1965 போரின்போது மேற்கு முனை முழுவதற்கும் தளபதியாக இருந்தவர் இவர்தான்.

1948 மே மாதம் அதே ஹர்பக்‌ஷ், இப்போது பிரிகேடியராக, 163ஆவது பிரிகேடை நடத்திக்கொண்டு தித்வாலைப் பிடித்தார். அதன் பிறகு எதிரி அதைத் திரும்பப் பிடிக்க மாதக்கணக்கில் முயன்றான். அக்டோபர் 13 அன்று ரிச்மார் காலி என்ற கணவாயை உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் புகும் முயற்சி. கணவாயின் முன்னணிக் காவலிடத்தில் சிறு குழுவோடு இருந்தவர் லான்ஸ் நாயக் கரம் சிங். மிலிட்டரி மெடல் கரம் சிங்! அன்று எட்டு முறை தாக்குதல் வந்தது. குண்டுகள் தீர்ந்தன. தானும் காயப்பட்ட நிலையில் இன்னொருவரின் உதவியோடு காயப்பட்ட தோழர்கள் இருவரைப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தார். பதுங்குகுழிக்கு மிக அருகே வந்துவிட்ட இருவரை வெளியே குதித்துக் கத்தியாலேயே முடித்தார். எட்டும் முறியடிக்கப்பட்டன. பரம் வீர் சக்ரா 1950இல் ஏற்படுத்தப்பட்டு 1947 ஆகஸ்ட் 15 முதல் கணக்கிடப்பட்டபோது, அதை உயிரோடு பெற்ற மிகச் சிலரில் அவர் ஒருவரானார். 1993 வரை வாழ்ந்தார்.

மூன்றாமவர் மிச்சம். 1962, சீனப் போர். 1 சீக் இப்போது இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் தவாங்குக்கு வடக்கே. அக்டோபர் 20 அன்று நாம்கா சூவில் 7ஆவது பிரிகேடு நொறுங்கிவிட்டது. 23ஆம் தேதி காலை 5.30க்குச் சீனர்கள் பும் லா வழியாகத் தவாங்கை நோக்கி இறங்கினார்கள். வழியில் டோங்பென் லா அருகே ஒரு மேட்டில் முப்பதுக்கும் குறைவான ஆட்களோடு சுபேதார் ஜோகிந்தர் சிங். கையில் பழைய .303 துப்பாக்கிகள். இருநூறு இருநூறு பேராக மூன்று அலைகள் வந்ததாக விருதுக் குறிப்பு கூறுகிறது. முதல் அலை நின்றது. இரண்டாவதும் நின்றது. அதற்குள் பிளட்டூனில் பாதி போய்விட்டது. சுபேதாருக்குத் தொடையில் காயம், பின்னால் போக மறுத்தார். மூன்றாவது அலையின்போது தானே இலகு எந்திரத் துப்பாக்கியில் உட்கார்ந்து சுட்டார். குண்டு தீர்ந்ததும் மிஞ்சியவர்களோடு கத்தி சொருகிக்கொண்டு எதிர்த்துப் பாய்ந்தார். பிடிபட்டு, சீனர் காவலில் இறந்தார். பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்ட பிறகு, 1963 மே மாதம் சீனர்கள் அவருடைய அஸ்தியை இராணுவ மரியாதையோடு ஒப்படைத்தார்கள். பட்டாலியன் அதைப் பெற்றுக்கொண்டது.

1936இல் சேர்ந்தவர் 1962இல் 41 வயது சுபேதாராக மலைமேட்டில் நிற்கிறார். பர்மாவில் இருந்தார், 1947இல் ஸ்ரீநகரில் இருந்தார். காலிப்போலியைப் பற்றிப் பேசும்போது, உயிர் தப்பிய ஹவில்தார்கள்தான் பட்டாலியனை மறுபடி கட்டுகிறார்கள் என்றேன். இந்த மூவரையும் வைத்துத்தான் சொன்னேன். அதிகாரிகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். பெயர்ப் பலகை மாறும், மேலே பறக்கும் கொடியே மாறும். நாயக்காக இருந்தவன் அதே கம்பெனியில் ஜமேதாராகி இன்னொரு போருக்குப் போகிறான். ஆனால் அப்படிப்பட்டவனைத்தான் மிக இடுக்கான இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மூவரில் இருவர் போரிலேயே முடிந்தார்கள்.

‘காமன்வெல்த்திலேயே அதிக விருது பெற்ற பட்டாலியன்’ என்ற ஒரு வாசகம் இவர்களைப் பற்றி எங்கும் ஒட்டப்படுகிறது. எண்ணிக்கைச் சண்டையில் இறங்க எனக்கு விருப்பமில்லை. ஒரு விக்டோரியா கிராஸ், இரண்டு பரம் வீர் சக்ரா, மூவரும் ஒரே காலத்தில் ஒரே அணியில் நின்றவர்கள். இது போதாதா?

நீங்கள் யாரையாவது தேடுவதற்காகக் கேட்டிருந்தால் ஒரு குறிப்பு. 1915இல் காலிப்போலியில் இறந்தவர்களின் பெயர்கள் துருக்கியில் ஹெல்லஸ் நினைவுச்சின்னத்தில் 14ஆவது சீக்கியர் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். பர்மாவில் இறந்தவர்களை ரங்கூனுக்கு வடக்கே டவுக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 11ஆவது சீக் ரெஜிமென்ட் என்று தேட வேண்டும். எரியூட்டப்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவுச்சின்னம் உண்டு. 1947க்குப் பிறகு இறந்தவர்கள் டெல்லி தேசியப் போர் நினைவிடத்தின் கருங்கல் சுவரில், சீக் ரெஜிமென்ட்டின் பெயரில். எங்கு தேடினாலும் 4 மெக் என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்துப் பெயரைக் கொடுங்கள்.